கேட்கத் தெரியாத நர்ஸம்மா

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் நர்ஸம்மா முதலில் செய்கிற காரியம் எதிர்வீட்டு நாற்காலியை வாங்கி வருவது. இரண்டாவது காரியம், அது எதிர்வீட்டு நாற்காலி என்று வந்தவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. முதல் தடவை நான் போனபோது எனக்கும் அதுதான் கிடைத்தது. உட்கார்ந்தேன். காபி வந்தது, கூடவே ஒரு தட்டு முறுக்கும் வந்தது. "இன்னும் ரெண்டு எடுத்துக்கங்க மாஸ்டர், உள்ள நெறைய இருக்குது" என்றார். உள்ளே ஒன்றும் இல்லை. அந்த முறுக்கும் எதிர்வீடுதான் என்று எதிர்வீட்டம்மாவே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் அப்போது திருவண்ணாமலையில் பெரிய தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி. டைப்பிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டால் சர்க்கார் உத்தியோகம் வீட்டுக் கதவைத் தட்டும் என்று ஊரே நம்பிய காலம். அதனால் எனக்கு மாஸ்டர் என்று பட்டம், அவருக்கு நர்ஸம்மா என்று பட்டம். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. விண்ணப்பங்களில் நானே பல தடவை தட்டியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற வருஷங்கள் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, போளூர் ரோட்டில் வேங்கிக்கால் போகிற வழியில் ஒரு பழைய நெல் கிடங்கை வாடகைக்குப் பிடித்தார். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன பிள்ளைகளை அதில் வைத்துக்கொண்டு தானும் அங்கேயே குடியிருந்தார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் கையை ஊன்றி மண்ணில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் காலிப்பர் செய்து மாட்டுவார். காலிப்பர் என்றால் காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையைச் சுற்றித் தோல் வார், அடியில் பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டால் நகர்ந்த பிள்ளை நிற்கும். நின்ற பிள்ளை கோலை ஊன்றிக்கொண்டு முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும். முதல் தடவை நிற்கிற பிள்ளையின் முகத்தை நான் ஒரு நாள் பார்த்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டு விஷயத்தில் பட்டும் படாமலும் இருக்க என்னால் முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல். பிள்ளை வளரும், இரும்பு வளராது. வருஷம் திரும்பினால் புதிய காலிப்பர் வேண்டும். பழசையே மாட்டினால் தொடையில் வெட்டும், நடை கோணும், கடைசியில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் பிள்ளை மறுபடி தரைக்கு வந்துவிடும். நர்ஸம்மாவின் சேமிப்பும் நகையும் முதல் சில பிள்ளைகளோடு கரைந்துவிட்டன. வெளியிலிருந்து உதவி வராவிட்டால் அந்தக் கிடங்கில் நிற்கிற பிள்ளைகள் எல்லாம் திரும்ப உட்கார வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் வாயில் வருகிற ஒரே பேச்சு, "ஒரு குறையும் இல்லீங்க."

யார் கேட்டாலும் அதுதான். தாசில்தார் கேட்டாலும் அதுதான், கார்த்திகை தீபத்துக்கு வந்து தங்கிய வெளியூர்க்காரர் கேட்டாலும் அதுதான். ஐப்பசி மழைக்குக் கூரை ஒழுகி அண்டாவில் சொட்டிக்கொண்டிருக்கும். "இந்த வருஷம் நல்ல மழைங்க, ஊருக்கு நல்லது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உதவி தருகிற ஒரு அறக்கட்டளை பற்றிக் கேள்விப்பட்டு வந்து சொன்னவர் அரிசி மண்டி பாய். நாலு தலைமுறையாக இந்த ஊர்க் குடும்பம். நர்ஸம்மா கேட்டு அவர் அரிசி கொடுத்தது கிடையாது. நர்ஸம்மாதான் கேட்கமாட்டாரே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் மண்டி இருந்தது, பார்த்தார், மாதா மாதம் மூட்டை போக ஆரம்பித்தது.

"மெட்ராஸ்ல ஒரு மில்லுக்கார குடும்பம் மாஸ்டர். பெரிய பெரிய காலேஜு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் குடுக்கமாட்டாங்களாம். அந்தந்த ஊர்க்காரங்க அவங்க ஊருக்கு சின்னதா எதாவது செஞ்சிக்கினு இருந்தா, அவங்களுக்குத்தான் குடுக்கறாங்களாம். நமக்குன்னே ஆரம்பிச்ச மாதிரி இருக்குது" என்றார் பாய்.

எழுதிக் கேட்டோம். மரியாதையாகப் பதில் வந்தது. முதலில் நீங்கள் பதிவு செய்த சங்கமாக இருக்க வேண்டும் என்றார்கள். சங்கம் என்றால் ஏழு பேர். பாய் தலைவர், நர்ஸம்மா செயலாளர், நான் பொருளாளர். பள்ளிக்கூடத்து வாத்தியார் இரண்டு பேர், மருந்துக் கடைக்காரர் ஒருவர். ஏழாவது ஆள் கிடைக்கவில்லை என்று நாற்காலி கொடுத்த தோஷத்துக்கு எதிர்வீட்டம்மாவைப் பிடித்துப் போட்டோம். விதிமுறைகளை நான் தட்டினேன். பதிவு ஆபீசுக்கு நடையாய் நடந்து எண் வாங்கினோம். அன்றைக்கு நர்ஸம்மா எல்லாருக்கும் கேசரி கிண்டினார். ரவைக்கு யார் வீட்டுக்குப் போனாரோ, நான் கேட்கவில்லை.

பிறகு விண்ணப்பம். நியாயமான கேள்விகள்தான். நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்கள், உங்கள் ஊர் உங்களுக்கு என்ன தருகிறது, உங்களிடம் இல்லாதது எது, எங்கள் உதவி நின்ற பிறகு எப்படி நடத்துவீர்கள். யோசித்துக் கேட்டவன் கேட்ட கேள்விகள் என்று எனக்கே பட்டது. மெஷினில் காகிதத்தைச் சொருகிக்கொண்டு, இல்லாதது எது என்று நர்ஸம்மாவைக் கேட்டேன்.

"எழுதுங்க மாஸ்டர். ஆண்டவன் புண்ணியத்துல எல்லாம் இருக்குது."

"அப்ப எதுக்கும்மா விண்ணப்பம்?"

"அவங்களா பாத்து எது குடுத்தாலும் சந்தோஷம்னு போடுங்க" என்றார்.

நானே தட்டினேன். காலிப்பர்கள், கூரைக்கு ஓடு, மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக ஒரு ரிக்ஷா. வாசித்துக் காட்டியபோது மற்றதெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஆதரவற்ற குழந்தைகள் என்ற இடத்தில் கையை உயர்த்தினார். "அத எடுத்துடுங்க. அப்பா அம்மா உயிரோட இருக்கற பிள்ளைங்க. நாளைக்கு அவங்களே இத படிச்சா இன்னா நெனைப்பாங்க?" எடுத்தேன். அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பத் தட்டினேன்.

ஊர் என்ன தருகிறது என்ற கேள்விக்கு ரசீது வேண்டும். அரிசி, பால், பழைய துணி, பத்து பைசா வாங்காமல் முடி வெட்டிவிடுகிறவர் என்று ஊர் எவ்வளவோ தந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கும் சீட்டு கிடையாது. இனியாவது ரசீது கொடுங்கள் என்று புத்தகம் அச்சடித்துக் கொடுத்தேன். அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். "அரிசி குடுத்த மனுஷன் கையில சீட்ட குடுத்தா, கணக்கு முடிஞ்சி போச்சி, போய்ட்டு வாங்கன்ற மாதிரி இருக்காது?" என்றார். பாயும் அதற்குத் தலையாட்டினார். ஆக, காகிதத்தில் எங்கள் ஊர் எங்களுக்கு எதுவுமே தரவில்லை.

பிள்ளைகளின் நிலையைக் காட்டும் புகைப்படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். போட்டோக்காரரைக் கிடங்குக்கு அழைத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையெல்லாம் ஸ்டூடியோவுக்கே அழைத்துப்போனார். எண்ணெய் வைத்து வாரி, பவுடர் போட்டு, தெருவிலுள்ள பிள்ளைகளின் நல்ல சட்டைகளை இரவல் வாங்கி மாட்டி. ஸ்டூடியோவில் ஏரியும் அன்னமும் வரைந்த திரை. அதற்கு முன்னால் நீள மேஜை, மேஜைமேல் பூச்சாடி, பின்னால் பிள்ளைகள் வரிசையாக. மேஜைக்குக் கீழே இருப்பது எதுவும் படத்தில் இல்லை. பணக்கார வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் கத்தினேன். "பாவம், இந்த மாதிரி ஒரு போட்டோ அதுங்க எடுத்ததே இல்ல மாஸ்டர்" என்றார்.

அவ்வளவுக்குப் பிறகும் அறக்கட்டளையிலிருந்து பார்க்க ஆள் அனுப்பினார்கள். சின்ன வயசு, தோளில் ஜோல்னாப் பை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த நல்ல பிள்ளை. அவர் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து நர்ஸம்மாவுக்குத் தூக்கம் இல்லை. கிடங்குக்கு வெள்ளையடித்தார். ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே கோலம் போட்டார். எதிர்வீட்டு நாற்காலி ஒன்றுக்கு மூன்றாக வந்தது. தலைவாழை இலை, வடை, பாயசம், ஜவ்வாது மலைத் தேன் ஒரு சீசா. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நிற்பதற்கே அவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்து, வாசலில் அவர் தலை தெரிவதற்கு முன்பே நர்ஸம்மா நிற்கவைத்துவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே வந்தவர் கேட்டார். "சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன தேவை?"

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

"நீங்க இவ்ளோ தூரம் வந்ததே போதுங்க. ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க. இன்னும் கொஞ்சம் பாயசம் போடட்டுங்களா?"

கூரை, காலிப்பர் என்று நான் ஆரம்பித்தேன். நர்ஸம்மா என் இலையில் ஒரு வடையை வைத்து, "மாஸ்டர் சாப்பிடுங்க மொதல்ல" என்றார். அவர் கண் என்னைக் கெஞ்சியது. சோறு போட்ட இடத்தில் வைத்துப் பஞ்சம் பாடாதே என்கிற கெஞ்சல். நான் விடவில்லை, சொன்னேன். ஆனால் வெள்ளையடித்த சுவருக்கும் தேன் சீசாவுக்கும் நடுவில் நான் சொன்னது எனக்கே பொய் மாதிரி கேட்டது.

வழியனுப்பப் போனபோது பஸ் ஸ்டாண்டில் அந்த இளைஞர் என்னிடம் சொன்னார். "சார், நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா நான் பாத்ததத்தானே எழுத முடியும்?"

அந்த வருஷம் உதவி வரவில்லை. உங்கள் இல்லம் ஊரார் ஆதரவில் சிறப்பாக நடப்பது கண்டு மகிழ்கிறோம், எங்களுடைய குறைந்த நிதியை இதைவிடத் தேவையுள்ள இடங்களுக்குத் தர முடிவு செய்திருக்கிறோம், அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நர்ஸம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "சிறப்பா நடக்குதுன்னு எழுதிட்டாங்க, பாத்தீங்களா" என்றார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் காலிப்பர்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன. பெரிய பிள்ளையினுடையதைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டி ஒப்பேற்றினார். பெரிய பிள்ளைகளுக்கு என்ன மாட்டுவது? கம்பியை நீட்டி ஒட்டவைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. மறுபடி விண்ணப்பம் போட்டோம். பாயும் நானும் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம், பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற மாதிரி. வெள்ளை அடிக்கக் கூடாது. நாற்காலி வாங்கக் கூடாது. பாயசம் கூடாது. அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

"சொல்ல வரலன்னா?"

"சும்மா இருங்கம்மா. நாங்க சொல்றோம். நீங்க வாய தொறக்காம இருந்தா போதும்" என்றார் பாய்.

இந்தத் தடவை வந்தவர் ஒரு பெண்மணி. நர்ஸம்மா சொன்ன சொல் தவறவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஒரு தூணோரம் நின்றுவிட்டார். வந்தவருக்குக் கோரைப்பாய் விரித்து உட்கார இடம் போட்டோம். வெறும் தண்ணீர் கொடுத்தோம். அந்தத் தண்ணீரை அவர் குடித்தபோது நர்ஸம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அக்கறையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்தத் தடவை பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

போகிற சமயத்தில் அந்த அம்மாள், முன்வரிசையில் நின்ற மல்லிகாவின் கன்னத்தைத் தட்டினார். மலை சுற்றுகிற பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் கூலி வேலை பார்க்கிறவரின் மகள். ஒன்பது வயசு இருக்கும், அந்த வீட்டிலேயே படிப்பில் கெட்டி. "உனக்கு என்ன வேணும் கண்ணு? என்ன கஷ்டம் இருந்தாலும் சொல்லு" என்று கேட்டார்.

மல்லிகா கோலை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். "ஒரு குறையும் இல்லீங்க" என்றாள். அதே குரல், அதே இழுப்பு. அடுத்து நின்ற பையனைக் கேட்டார். அவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவள் கேட்காமலே சொன்னாள். அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் ஒரு கணத்தில் கெட்டுப்போனது தெரிந்தது.

அன்று சாயங்காலம் மல்லிகாவுக்குக் காலிப்பரைக் கழற்றும்போது நாற்றம் வந்தது. தொடையில் தோல் வார் அழுத்திய இடம் புண்ணாகிக் குழிந்திருந்தது. ஒரு துணியைக் கிழித்துத் தானே உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏண்டி, என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?" நர்ஸம்மா கேட்டார்.

"கஷ்டத்த சொல்லக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

"வந்தவங்ககிட்டடீ! நான் வந்தவளாடி?"

யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நர்ஸாக எத்தனையோ புண்களைப் பார்த்த மனுஷி, அந்தப் புண்ணுக்குத் தானே மருந்து வைக்க முடியாமல் மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்தது பரிதாபம் இல்லை, கோபம்தான். ஒரு நல்ல குணம் முற்றினால் இப்படி விஷமாகுமா என்று இருந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு முழுசாகப் போய்விடவில்லை.

அறக்கட்டளையார் கூடி முடிவெடுக்க இன்னும் சில நாள் இருந்தது. நேரில் போய்ச் சொல்லுங்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் பாய். "பிள்ளைய எதுக்கு? அவ இன்னா பொருட்காட்சியா?" என்று நர்ஸம்மா மறுத்துவிட்டார். ஆனால் தான் வருவதாகச் சொன்னார். தானே கேட்பதாகவும் சொன்னார். அது அவர் வாயிலிருந்து வந்ததே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. பஸ்ஸில் திண்டிவனம் தாண்டுகிற வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "பிள்ளைங்களுக்கு காலிப்பர் வேணுங்க. எங்ககிட்ட இல்லீங்க." திரும்பத் திரும்ப அதையே.

மெட்ராஸ் ஆபீசில் எங்களைப் பார்த்த அறக்கட்டளைத் தலைவி வயதான அம்மாள், கண்ணாடி போட்டிருந்தார், முகத்தில் நல்ல சாந்தம். எங்களை உட்காரச் சொன்னார். நர்ஸம்மா பையிலிருந்து சீத்தாப்பழங்களை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு வந்ததே எனக்குத் தெரியாது.

"திருவண்ணாமலையிலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. என்ன விஷயம், சொல்லுங்க" என்றார் தலைவி.

நர்ஸம்மா ஒரு பழத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மா உங்கள பாத்துட்டு போலாம்னு வந்தோம்."

எழுந்து நின்றே சொன்னேன். கூரையைச் சொன்னேன், காலிப்பரைச் சொன்னேன், மல்லிகாவின் புண்ணைச் சொன்னேன், இந்த உதவி வராவிட்டால் இத்தனை பிள்ளைகளும் மண்ணில் நகர வேண்டியதுதான் என்று சொன்னேன். தலைவி திகைத்துப்போய் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, இவர் சொல்றது நிஜமா? அவ்வளவு கஷ்டமா?"

நர்ஸம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். "மாஸ்டருக்கு பிள்ளைங்கன்னா உயிருங்க. அதான் கொஞ்சம் ஜாஸ்தியா சொல்றாரு" என்றார்.

திரும்பி வரும்போது செஞ்சி வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அழுதுகொண்டே வந்தார். சத்தம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"வாய் வரல மாஸ்டர். அங்க போய் உக்காந்ததும் எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சி. மழ பொய்ச்ச வருஷம் எங்க வீட்ல அடுப்புல ஒலை வெக்காத நாளெல்லாம் உண்டு. அன்னிக்கும் எங்கப்பா வெத்தல போட்டுக்கினு வாசல்ல நிப்பாரு. செவந்த வாய பாத்தா சாப்ட்ட வாய்னு நெனைப்பாங்க இல்ல. அப்படி நின்னுதான் என்ன படிக்க வெச்சாரு. யார்கிட்டயும் போய் நிக்காம. என் வாய்க்கு அது ஒண்ணுதான் தெரியுது."

"உங்கப்பா பட்டினி அவரோட பட்டினிம்மா. இது பிள்ளைங்களோடது" என்றேன்.

"தெரியும்" என்றார்.

பதில் எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கிற இடங்கள் நிறைய, கொடுக்கிற கை ஒன்று. எங்களிடம் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் வீடு கரைந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. காலிப்பர் பற்றாத பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை டவுனில் வைத்திருப்பானேன் என்று பெற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவராவது நர்ஸம்மாவைத் திட்டியிருக்கலாம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அதுதான் தாங்கவில்லை. மல்லிகாவின் அப்பா வந்தபோது நான் அங்கே இருந்தேன். புண் ஆறியிருந்தது, வேலூரில் வைத்து ஆற்றிவிட்டார்கள். ஆனால் அந்தக் காலில் இனி எதை மாட்டுவது? "இவளுக்கு இன்னா பாக்கி வெச்சீங்க நர்ஸம்மா, நாலு எழுத்து படிச்சிட்டா, அது போதும்" என்று சொல்லி, அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போளூர் ரோட்டில் நடந்தார். நர்ஸம்மா வாசலில் நின்றார். மல்லிகா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். படிப்பில் கெட்டியான பெண் அது. என்னிடம் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு கிடங்குக்காரர் அதில் மறுபடி நெல் மூட்டையை அடுக்கினார். நர்ஸம்மா பக்கத்திலேயே ஒரு அறையில் தனியாக இருந்தார். அக்கம்பக்கத்தில் ஊசி போடக் கூப்பிட்டால் போவார். பார்க்கிறபோதெல்லாம் எப்படி இருக்கீங்க என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். பதில் எனக்குத் தெரியும், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டம் எண்பதுகளில் பெருக ஆரம்பித்தது. வெளியூர் பஸ்கள் வந்தன. பாதை ஓரமெல்லாம் கடைகள் முளைத்தன. நர்ஸம்மா எப்போதாவது சுற்றுவார். அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார், போனேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் அடி அண்ணாமலையை நெருங்கினோம். பாதையின் இரண்டு பக்கமும் கோணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கண் தெரியாதவர்கள், வயசானவர்கள், கை கால் இல்லாதவர்கள்.

நான் பார்ப்பதற்கு முன் நர்ஸம்மா பார்த்துவிட்டார். நின்றார். மல்லிகா வளர்ந்திருந்தாள், தாவணி போட்டிருந்தாள். முன்னால் ஒரு அலுமினியத் தட்டு. பாவாடையைத் தொடை வரைக்கும் சுருட்டி, சூம்பிய காலை நடைபாதையைப் பார்க்க நீட்டி வைத்திருந்தாள். தழும்பு இருந்த இடம் வெளியில் தெரிந்தது. அவளுடைய அப்பா கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை நிழலில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸம்மா கிட்டே போய்க் குனிந்தார். பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டார்.

மல்லிகா நிமிர்ந்து பார்த்து, ஆள் தெரிந்து, முகமெல்லாம் மலர்ந்தாள். "அம்மா! நல்லாகீறீங்களா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கூட்டம் கடந்து போவதை ஒரு கண்ணால் பார்த்தபடி, கூச்சம் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"மூடாதீங்கம்மா. தெரிஞ்சாதான் போடுவாங்க."

எங்கள் பின்னால் ஜனம் நகர்ந்துகொண்டே இருந்தது. வழியை விடுங்க என்று யாரோ சொன்னார்கள். நான் நர்ஸம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. கோணியின் ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். தான் இழுத்துவிட்ட பாவாடையைத் தானே கையில் எடுத்தார். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து தொடைக்கு, மெதுவாக மடித்துக்கொண்டே போனார். தழும்பு தெரிகிற இடத்தில் நிறுத்தினார். மடிப்பு கலைந்து கீழே விழுந்துவிடாமல் இருக்க ஓரத்தை உள்ளே செருகிவிட்டார்.